பத்தரை மணி மாத்திரை

கேள்வி:

அன்புள்ள சிஸ்டருக்கு,

என் கணவருக்கு வயது 68. கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருஷமாக நடுக்கவாதம். பார்க்கின்சன் என்று சொல்லி டாக்டர் வைத்தியம் செய்கிறார். காலை 7, 10.30, மதியம் 2, மாலை 5.30, இரவு 9 என்று ஐந்து வேளை மாத்திரை. அட்டையில் இருக்கும் பெயர்களைப் பார்த்து எழுதுகிறேன்: லெவோடோபா கார்பிடோபா, பிரமிபெக்ஸால், ட்ரைஹெக்ஸிஃபெனிடில். போன மாதம் வரை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டார். மெதுவாகத்தான் செய்வார். ஆனாலும் குளியல், சாப்பாடு, திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது எல்லாம் நடந்தது.

குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்ய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அங்கே காலை 8, மதியம் 2, இரவு 8 என்று மூன்று வேளைதான் மாத்திரை கொடுத்தார்கள். நடுவில் வாந்தி வந்ததற்கு ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து கட்டிலை விட்டு எழுப்பவே இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது. இரவில் ஊஞ்சலில் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி, அவர்களுக்குச் சாப்பாடு போட்டாயா என்று கேட்கிறார்.

ஏஜென்சி மூலம் ஒரு பெண்ணை வைத்திருக்கிறோம். நல்ல பெண். ஆனால் பிடித்து இழுத்துத்தான் நடத்துகிறது. டிபனோடு மாத்திரையைக் கொடுத்துவிடுகிறது. மூக்கு வழியாக ட்யூப் போட்டுவிடலாம் என்கிறான் பெங்களூரில் இருக்கும் மகன். பூனைக்காலிப் பொடி கொடு, நடுக்கம் நின்றுவிடும் என்கிறார் நாத்தனார். நான் யார் சொல்வதைக் கேட்பது?

இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஒரு வருஷமாக ராத்திரியில் இவருடைய தொந்தரவு தாங்க முடியவில்லை. இந்த வயதில், இந்த உடம்போடு. இத்தனை வருஷத்தில் இவர் அப்படி இருந்ததே இல்லை. இதை யாரிடம் கேட்பேன்?

பெயர் வெளியிட வேண்டாம்,
கும்பகோணம்.

பதில்:

அம்மா, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் பாதி விடை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மூன்று வேளைதான் மாத்திரை கொடுத்தார்கள் என்கிறீர்கள். அப்படியானால் பத்தரை மணி மாத்திரையும் ஐந்தரை மணி மாத்திரையும் என்ன ஆயின? வார்டில் மருந்து ட்ராலி வரும் நேரம் ஒன்று உண்டு. காய்ச்சல் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் அந்த நேரத்துக்குள் அடங்கிவிடும். பார்க்கின்சன் மாத்திரை அடங்காது. நரம்பியல் வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். அறுவை சிகிச்சை வார்டில் இருக்கும் சிஸ்டர், முப்பது நோயாளிகளுக்கு நடுவில், பத்தரைக்கு ஒரே ஒருவருக்காக ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வரமாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்க வேண்டும் என்று உங்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

லெவோடோபா உள்ளே போய் மூளையில் டோபமைனாக மாறுகிறது. ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போதும். நோய் வந்த புதிதில் இந்த அவசரம் தெரியாது. மூளையில் மிச்சமிருக்கும் செல்கள் வந்ததைச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். ஒன்பது வருஷத்தில் அந்தச் செல்களில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். உங்கள் வீட்டுக்காரர் காசாளர் அல்லவா, அவரிடம் இப்படிச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்: பெட்டகத்தில் கையிருப்பு கிடையாது, கவுன்டருக்கு வருகிற பணத்தை வைத்துத்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். பத்தரைக்கு வர வேண்டியது வராவிட்டால் பதினொன்றரைக்குக் கை கால் மட்டுமல்ல, தொண்டைத் தசையும் இறுகிவிடும்.

பிரிட்டனில் பார்க்கின்சன்ஸ் யூகே என்ற அமைப்பு 2006 முதல் ஆஸ்பத்திரிகளில் இந்த ஒரே விஷயத்துக்காகப் பிரசாரம் நடத்துகிறது: மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள். அந்நாட்டின் நைஸ் என்ற மருத்துவத் தர அமைப்பு, உள்நோயாளிக்கு லெவோடோபா குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் கிடைக்க வேண்டும் என்று தர அளவுகோலாகவே எழுதி வைத்திருக்கிறது. அங்கேயே அப்படி எழுதிவைக்க வேண்டியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சந்தேகம் அந்த வாந்தி ஊசி. டிஸ்சார்ஜ் சம்மரியையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். மெட்டோக்ளோபிரமைட் அல்லது புரோகுளோர்பெரசின் என்று எங்காவது இருக்கிறதா? இவை இரண்டும் வாந்திக்கு வழக்கமாகப் போடுபவை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பெரிய கெடுதல் இல்லை. டோபமைன் போய் உட்கார வேண்டிய இடத்தையே அடைத்துவிடுவதால் பார்க்கின்சன் உள்ளவருக்கு இவை ஆகாது. ஒரு பக்கம் மருந்து குறைந்தது, இன்னொரு பக்கம் இருந்ததும் வேலை செய்யவில்லை என்று ஆகியிருக்கலாம். ஒண்டான்செட்ரான் போன்ற மாற்று மருந்து உண்டு. சொன்னால் அதைப் போடுவார்கள். அந்த ஊசி போட்டிருந்தாலும் அதன் வேலை காலப்போக்கில் இறங்கிவிடும், மாத்திரையும் பழைய நேரத்துக்குத் திரும்பினால் இழந்ததில் நிறையத் திரும்பக் கிடைக்கும். நோய் திடீரென்று முற்றிவிட்டது என்று அதற்குள் முடிவு கட்டாதீர்கள். சீட்டுகளோடு இந்த வாரமே நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். காய்ச்சல் அடித்து, உடம்பு கட்டையாக விறைத்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அதுவரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை விட்டுப்போனால் அபூர்வமாக அப்படி ஆவதுண்டு, அது உயிருக்கு ஆபத்து.

இப்போது வீட்டுக்கு வருவோம். டிபனோடு மாத்திரை கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். லெவோடோபா குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போகிற வாசல் ஒன்றே ஒன்று. பருப்பு, பால், முட்டை, கறி இவற்றிலிருந்து வரும் புரதச் சத்தும் அதே வாசலில்தான் நுழைய வேண்டும். சாம்பார் ஊற்றிய இட்லியோடு மாத்திரையை விழுங்கினால் பருப்பு முந்திக்கொள்ளும். ஏழு மணி மாத்திரையைக் கொடுத்து அரை மணியாவது கழித்து டிபன் கொடுங்கள். சாப்பிட்டாகிவிட்டது என்றால் ஒரு மணி நேரமாவது போகட்டும். மாத்திரையைப் பாலிலோ ஹார்லிக்ஸிலோ கொடுக்க வேண்டாம், தண்ணீர் போதும். ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா? அதற்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இரும்பு லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உடனே பருப்பையும் முட்டையையும் அடியோடு நிறுத்திவிடாதீர்கள். பார்க்கின்சன்காரர்கள் ஏற்கெனவே இளைப்பார்கள். பகலில் லேசாக வைத்துக்கொண்டு பருப்பு, பனீர், முட்டை, மீன் இவற்றை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளிப் பாருங்கள்; அந்த நேரத்தில் அவர் நடமாட வேண்டிய அவசியம் குறைவு. எல்லோருக்கும் இது தேவைப்படாது. மதியம் சாப்பிட்டபின் மாத்திரை எடுபடவில்லை என்று தெரிந்தால் மட்டும் செய்யுங்கள்.

எடுபடுகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மாத்திரை கொடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், உடம்பு இலகுவான நேரம், மறுபடி இறுகிய நேரம், இவ்வளவுதான். டாக்டர்கள் ஆன், ஆஃப் என்பார்கள். சில பேருக்கு மாத்திரை உச்சத்தில் இருக்கும்போது கையும் கழுத்தும் வளைந்து நெளிந்து ஆடும். வீட்டில் அதை நடுக்கம் என்று நினைத்து இன்னொரு மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். அது மருந்து அதிகமானதன் அடையாளம். இப்படி எழுதிய ஒரு வாரத்து நோட்டு, பல ஸ்கேன்கள் சொல்லாததை டாக்டருக்குச் சொல்லும். மாத்திரையின் அளவையோ நேரத்தையோ நீங்களாக மாற்ற வேண்டாம். மாற்றச் சொல்லி டாக்டரைக் கேட்பதற்கு இந்த நோட்டு.

நோட்டு ஆரம்பித்த இரண்டொரு நாளிலேயே உங்களுக்கு ஒரு விஷயம் புலப்படும். வீட்டு வேலைக்கு ஏற்றபடி அவருடைய நாளை நடத்தக் கூடாது, மாத்திரைக்கு ஏற்றபடி வீட்டை நடத்த வேண்டும். பணிப்பெண் ஆறரைக்கு வந்ததும் குளிப்பாட்டிவிட்டு மற்ற வேலை பார்க்கலாம் என்று நினைக்கும். ஆறரைக்கு அவர் உடம்பில் மருந்தே இல்லை. முந்தின இரவு 9 மணிக்குச் சாப்பிட்டது, ஒன்பதரை மணி நேரம் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் தூக்கினால் இரண்டு பேர் என்ன, மூன்று பேர் வேண்டும். ஏழு மணிக்குப் படுக்கையிலேயே தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்து மாத்திரையைக் கொடுங்கள். ஏழே முக்காலுக்குக் கையைப் பிடித்துப் பாருங்கள், இளகியிருக்கும். கக்கூஸ், குளியல், டிபன், நடை எல்லாம் அதற்குப் பிறகு, பத்து மணிக்குள். இதே ஆள் அப்போது ஒருவர் துணையோடு எழுந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். இரவு 9-க்கும் காலை 7-க்கும் நடுவில் இவ்வளவு இறுக்கம் இருக்கிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். படுக்கப்போகும்போது மெதுவாகக் கரையும் வகை மாத்திரை தரலாமா என்று அவர் பார்ப்பார். அந்த வகையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது.

படுக்கையில் தானாகப் புரள முடியாத நாட்களில் இரண்டு மணிக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். அழுத்தினால் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் படுக்கைப் புண்ணின் ஆரம்பம். இடுப்புக்குக் கீழே வழுவழுப்பான துணி ஒன்றை விரித்தால் அவரே புரள்வது எளிது. ஓரம் வரை விரிக்காதீர்கள், உட்காரும்போது வழுக்கிவிடும்.

அந்தப் பெண்ணைத் திட்ட வேண்டாம். இழுத்து நடத்தக் கூடாது என்று அதற்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். பார்க்கின்சனில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், பெரும்பாலும் வாசற்படியில், திரும்பும் இடத்தில், கக்கூஸ் கதவருகில். முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்து இழுத்தால் உடம்பு முன்னே வரும், கால் வராது. முகம் அடிபட விழுவார். பக்கத்தில், அரை அடி பின்தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கால் ஒட்டிக்கொண்டதும் நின்றுவிட வேண்டும். மூச்சு விடட்டும். உடம்பை இடதும் வலதுமாக மெல்ல அசைக்கட்டும். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணி, மூன்றில் பெரிய அடியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை தரையில் காலடி தூரத்துக்கு ஒன்றாகக் குறுக்கே பளிச்சென்ற நிற டேப் ஒட்டிவிடுங்கள். சும்மா நடக்க வராத கால் கோட்டைத் தாண்டச் சொன்னால் தாண்டும். நடை தானாக வருவது ஒரு பாதை, கண் பார்த்து அடி வைப்பது இன்னொரு பாதை. இரண்டாவது பாதை இந்த நோயில் அதிகம் கெடாமல் இருக்கிறது. திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அகலமாக வட்டமடித்து வரட்டும். நடக்கும்போது அவரோடு பேச்சுக் கொடுக்காதீர்கள், போன் வந்தால் பிறகு பேசிக்கொள்ளலாம். மிதியடியையெல்லாம் எடுத்துவிடுங்கள்.

எழுந்திருக்கும்போது: நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, பாதத்தை முழங்காலுக்குப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை குனிந்து, அப்புறம் எழட்டும். உட்காரக் கைப்பிடி உள்ள உயரமான மர நாற்காலி வேண்டும். ஈஸிசேரை மாடிக்கு அனுப்புங்கள். அதில் உட்கார்ந்த பார்க்கின்சன்காரரை எழுப்புவதற்குள் எழுப்புகிறவருக்கு இடுப்பு போய்விடும். படுத்தவரை உடனே நிற்க வைக்கவும் கூடாது. கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்காரட்டும். இந்த நோயிலும் இந்த மாத்திரையிலும் நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கும். படுத்திருக்கும்போது ஒரு தரம், நின்ற மூன்று நிமிஷத்துக்குள் ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண்ணில் 20 அல்லது கீழ் எண்ணில் 10 குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பழைய பிரஷர் மாத்திரை எதையாவது தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் காட்டுங்கள்.

இனி புரையேறுவது. எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகக் கவலை தந்தது இதுதான், குழந்தைகள் அல்ல. பார்க்கின்சன்காரர்கள் நடுக்கத்தால் சாவதில்லை. நுரையீரலுக்குள் சாப்பாடும் எச்சிலும் போய் நிமோனியா வந்துதான் பலர் சாகிறார்கள். இருமினால் நல்லது, உள்ளே போனதை உடம்பு வெளியே தள்ளுகிறது. இருமாமல் போவது மோசம். சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் களகளவென்று கேட்டாலோ, சாப்பாடு முடிய ஒரு மணி நேரம் ஆனாலோ, காரணமில்லாமல் அடிக்கடி காய்ச்சல் வந்தாலோ, சத்தமில்லாமல் உள்ளே போகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

முதலில் அண்ணாந்து குடிக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். எச்சில் படாமல் தூக்கி ஊற்றிக் குடிப்பது நம் வீடுகளில் மரியாதை. இவருக்கு அது ஆபத்து. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழல் திறந்துகொண்டு தண்ணீர் நேரே இறங்கும். டம்ளருக்குப் பதில் வாய் அகன்ற டபராவில் கொடுங்கள். தலையைத் தூக்காமல், தாடை லேசாகக் கீழே பார்த்தபடி வாய் வைத்து ஒரு மடக்கு, விழுங்கி, அப்புறம் அடுத்த மடக்கு. ஊட்டுகிறவர் நின்றுகொண்டு ஊட்டக் கூடாது. அவர் நிமிர்ந்து பார்ப்பார், தலை தானாகப் பின்னே போகும். எதிரில் ஸ்டூல் போட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து ஊட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர் போன்று சரசரவென்று ஓடுவது கடினம். உதிர்வதும் கடினம். இரண்டும் கலந்தது எல்லாவற்றிலும் கடினம். அதனால்தான் நோயாளிச் சாப்பாடு என்று நாம் நினைத்துக் கொடுக்கும் ரசம் சாதம் இவருக்கு ஆகாது. வாய் சோற்றை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் தொண்டைக்குள் போய்விடும். பொரி, முறுக்கு, காய்ந்த இட்லி வேண்டாம். குழைய மசித்த சாதம், கேழ்வரகுக் கூழ், கெட்டியான கஞ்சி, மசித்த வாழைப்பழம், பப்பாளி இவை வழுக்கிக்கொண்டு ஒரே உருண்டையாக இறங்கும். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் சாப்பாடு, நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பாடு, முடிந்தபின் அரை மணியாவது படுக்கக் கூடாது. டிவியை அணைத்துவிடுங்கள். கடைசியில் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து வாயைச் சுத்தம் செய்யுங்கள். பல் செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். வாயில் கிருமி குறைந்தால், எச்சில் உள்ளே போனாலும் நிமோனியா வரும் வாய்ப்புக் குறையும்.

மகனிடம் சொல்லுங்கள், ட்யூப் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. மாத்திரை நேரம் சரியாகி, மேலே சொன்னபடி ஊட்டிப் பார்த்து, விழுங்குவதைச் சோதிக்கும் தெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டிய பிறகு முடிவெடுக்கலாம். எடை வேகமாக இறங்கினாலோ மாத்திரையே விழுங்க முடியாவிட்டாலோ கொஞ்ச காலத்துக்குத் தேவைப்படலாம், அதில் தப்பில்லை. ஆனால் ட்யூப் போட்டால் புரை ஏறாது என்று நினைக்க வேண்டாம். எச்சில் அப்போதும் போகும்.

ஊஞ்சல் குழந்தைகளைப் பற்றி. அவர் பயப்படவில்லை என்பதை உங்கள் கடிதத்திலிருந்து தெரிந்துகொள்கிறேன். சாப்பாடு போட்டாயா என்று கேட்பவர் பயந்தவர் இல்லை. குழந்தைகளே இல்லை, உளறாதீர்கள் என்று வாதாட வேண்டாம். ஆமாம், போட்டுவிட்டேன் என்று நாடகமும் வேண்டாம். "எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிகிறது போல, டாக்டரிடம் கேட்போம்" என்றால் போதும். கூடத்தில் இரவு விளக்கு போடுங்கள்; நிழலில்தான் இவை அதிகம் தோன்றும். சிறுநீர்க் கிருமி, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு எதுவும் இதைக் கிளப்பும், ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் சுலபம். சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். நீங்கள் எழுதிய மாத்திரைகளில் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் மலச்சிக்கலையும் தரும். பிரமிபெக்ஸாலும் இப்படிக் காட்சிகளைக் காட்டும். நீங்களாக எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இந்தக் காட்சிகளுக்கென்று யாராவது ஹாலோபெரிடால் எழுதினால், இவருக்குப் பார்க்கின்சன் என்று சொல்லி நிறுத்துங்கள். வாந்தி ஊசி செய்ததை அது இன்னும் பலமாகச் செய்யும். இந்த நோய்க்குப் பொருந்தும் மருந்துகள் வேறு இருக்கின்றன.

மலச்சிக்கலைத் தனியாக நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இருக்கும். வயிறு நகராவிட்டால் மாத்திரையும் குடலுக்குப் போய்ச் சேராது. தண்ணீர், பழம், கீரை, தேவைப்பட்டால் டாக்டர் சொல்லும் லாக்டுலோஸ்.

நாத்தனார் சொன்ன பூனைக்காலி வெறும் நம்பிக்கை இல்லை. அந்த விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. அதனாலேயே கொடுக்காதீர்கள். ஒரு ஸ்பூன் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று பொட்டலத்தை விற்பவருக்கும் தெரியாது. ஐந்து வேளை மாத்திரைக்கு மேல் அளவு தெரியாத ஆறாவது வேளையைச் சேர்ப்பதாகிவிடும். காட்சிகளும் வாந்தியும் கை நெளிவதும் கூடும்.

இனி, நீங்கள் கூச்சப்பட்டு எழுதியது. அம்மா, எழுதினீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். இது அவருடைய குணம் மாறியது இல்லை, பெரும்பாலும் மாத்திரை செய்வது. பிரமிபெக்ஸால், ரோபினிரோல் வகை மாத்திரைகள் சிலருக்கு ஆசையை அடக்கும் கடிவாளத்தையே தளர்த்திவிடும். சிலருக்குப் பாலுறவு ஆசை, சிலருக்குச் செல்போன் ரம்மி, சிலருக்குக் கண்டதை வாங்குவது, சிலருக்கு நடுராத்திரியில் தின்பது. மருந்துப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் பக்க விளைவு இது, எந்த நரம்பியல் டாக்டரும் இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார். அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நேரில் சொல்ல வாய் வராவிட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, உங்கள் வீட்டுக்காரர் உடை மாற்றும் நேரத்தில் டாக்டரிடம் கொடுங்கள். வங்கிப் பாஸ்புத்தகத்தையும் ஒரு தரம் பதிவு போட்டுப் பாருங்கள். பணம் போயிருந்தாலும் அவராகவே சொல்ல மாட்டார்.

அடுத்த தரம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஃபைலின் மேல் அட்டையில் பெரிய எழுத்தில் மூன்று விஷயம் ஒட்டியிருக்கட்டும்: மாத்திரைகளின் பெயரும் ஐந்து நேரங்களும்; மெட்டோக்ளோபிரமைட், புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடால் கூடாது; நேரம் தவறக் கூடாது, வாய் வழியாகக் கொடுக்க முடியாவிட்டால் நரம்பியல் டாக்டருக்குப் போன் செய்யவும். அவர் எண்ணையும் எழுதுங்கள். மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள். மருந்தகத்திலிருந்து வரும் வரை காத்திருந்தால் இரண்டு வேளை போய்விடும். ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிறு என்றாலும் இந்த மாத்திரையை ஒரு மடக்கு நீரில் கொடுக்கலாமா என்று மயக்க மருந்து டாக்டரிடம் முதல் நாளே கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்.

பண விஷயம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வரும் 21 வகைகளில் பார்க்கின்சனும் ஒன்று. தஞ்சாவூரில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும், பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பம் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள். கடைசியாக உங்களைப் பற்றி: ஏஜென்சிப் பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் விடுப்புக் கொடுக்கிறீர்கள் அல்லவா, அதே மாதிரி உங்களுக்கும் ஒரு அரை நாள் வேண்டும். மகன் மாதம் ஒரு சனி, ஞாயிறு வந்து ஐந்து வேளை மாத்திரையையும் தானே கொடுத்துப் பார்க்கட்டும். ட்யூப் வேண்டுமா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு அவனோடு பேசலாம்.

டாக்டரைப் பார்த்தபின் நோட்டில் முதல் வாரம் எழுதியதை நகலெடுத்து எனக்கும் அனுப்புங்கள். பத்தரை மணி மாத்திரைக்கு எதிரே அவர் இளகிய நேரம் என்ன என்று பார்க்க வேண்டும்.